வருகிற வழியில் வைப்பவள்

முதல் துண்டுத் தாள் மடவளையில் கிடைத்தது. எல்லோரும் நானா என்று கூப்பிடும் துணிக்கடைக்காரர், நான் உடுக்க வாங்கிய சாரத்தைத் தாளில் சுற்றி, அதன்மேல் அதை வைத்து நீட்டினார்.

"இது ஒங்களுக்காம் தம்பி."

"யார் தந்தது நானா?"

"ஓட்டோவுல பாண் ரொட்டி விக்கிறவன். அவனுக்கு யாரு குடுத்ததெண்டு எனக்குத் தெரியா. ஒரு பக்கமாச் சாஞ்சி நடக்கிற, மொழிபெயர்க்கிற ஆளுக்கு எண்டு சொன்னான். இந்த ரோட்டுல அப்பிடி நடக்கிறது நீங்க மட்டுந்தானே. என்ன, இந்த வயசுல காதல் கடிதமோ?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே பிரித்தேன். அப்பியாசக் கொப்பியில் கிழித்த கோடு போட்ட தாள், கால் பங்கு. நீல மையில் ஒரே வரி.

புதன் காலை. ஏழாம் கம்பம். சாய்வு அரைப் பாகை.

எழுத்து யாருடையது என்று உடனே தெரிந்தது. அவள் எழுதும் ழகரத்துக்கு வால் நீளம். மழைக்காலத்து அட்டை, புல் நுனியில் நின்று, வரப்போகிற காலைத் தேடி உடம்பை நீட்டுமே, அப்படி நீளும். என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நானா மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பழி வாங்குவது என்றால் மண்ணை வாரித் தூற்றுவது, நடுத்தெருவில் தலைவிரித்து நிற்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவளுடைய பழி சாப்பாட்டுப் பெட்டியும் குடையும் எடுத்துக்கொண்டு நேரத்துக்கு வேலைக்குப் புறப்படுகிற பழி. லீவு எடுக்காது. சத்தம் போடாது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காரும், ஜன்னலைச் சாத்தட்டுமா என்று மரியாதையாகக் கேட்கும்.

தெல்தோட்டைப் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றில் அவள் எங்கள் மண்சரிவு எச்சரிக்கைத் திட்டத்தின் கள உதவியாளராக இருந்தாள். நான் மொழிபெயர்ப்பாளன். கண்டியிலிருந்து ஜீப்பில் வரும் இஞ்சினியர் சிங்களத்தில் சொல்வதை லயத்துச் சனத்துக்கு, வரிசை அறைகளில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளருக்கு, தமிழில் சொல்வேன்; சனம் சொல்வதை அவருக்குச் சிங்களத்தில் சொல்வேன். அவளுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை. சிங்களம் அவளுக்கு என்னைவிடச் சுத்தமாக வரும். ஆனாலும் இஞ்சினியரோடு தமிழில்தான் பேசுவாள், என் வழியாக. "அவரு என் பேச்சைக் கேக்குறதுக்கு முந்தி ஒரு மூச்சு நிக்கணும் அண்ணே. நிக்கட்டும்" என்பாள்.

முப்பது வயதிருக்கும். தலையில் சாக்கை மடித்துப் போட்டிருப்பாள். திட்டத்தில் கொடுத்த ரப்பர் பூட்ஸை வெயிலில் போடுவாள். மழை பிடித்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். உலகத்தில் எல்லோரும் செய்வதற்கு நேர்மாறு. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "மழையிலதானே மண்ணு பேசும். காலுக்குக் கேக்க வேணாமா?"

அந்தத் தோட்டத்தில் மண்ணின் பேச்சைக் கேட்கத்தான் நாங்கள் போயிருந்தோம். லயத்துக்கு மேலே, தேயிலைச் சரிவில், பன்னிரண்டு கம்பங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மண்ணின் ஈரத்தையும் சாய்வையும் உணர்கிற கருவி. ஒரு கம்பத்தின் குரல் அடுத்த கம்பம் வரைதான் எட்டும். மலையில் போன் சிக்னல் கிடையாது. ஆகவே அளவுகளை வாங்கிக்கொள்ள ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைத் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் கட்டினால் லொறி போகிற இடமெல்லாம் அதுவும் போகும், தினமும் போகும் என்பது அவளுடைய யோசனை. திட்ட அறிக்கையில் அது இஞ்சினியருடைய யோசனையாக இருந்தது. அதை அவள் வாசித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்; அங்கே தன் பெயர் இருக்குமோ என்று தேடுகிறவளைப் போல. பிறகு நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கம்பங்களுக்கு ஒரு விதி எழுதியிருந்தார்கள். லொறி கடைசியாக எந்தக் கம்பத்தைக் கடந்து போனதோ, அதைத் தேடி மற்றக் கம்பங்கள் தங்கள் அளவுகளைக் கைமாற்றி அனுப்பும். கொடுத்ததைத் தம்மிடம் வைத்துக்கொள்ளா. அடுத்த முறையும் லொறி அங்கேதான் வரும் என்ற நம்பிக்கை. இதை இஞ்சினியர் படம் போட்டு அரைமணி நேரம் விளக்கினார். நான் வியர்க்க வியர்க்க மொழிபெயர்த்தேன். அவள் பாக்கை மெல்லும் இடைவெளியில் முடித்துவிட்டாள்.

"லொறி எங்க நிக்குமோ அங்கனதான் கொழுந்துக் கூடையை இறக்கி வைப்போம். அதானே? இதுக்கு எதுக்கு அண்ணே இவ்வளவு கஷ்டப்படுறீங்க?"

அவள் வாழ்ந்ததே அந்த விதியின்படிதான். யாரையும் தேடிப் போகமாட்டாள். "ஆளத் தேடிப் போனா நம்ம கால்தான் தேயும். ஆளு வர்ற வழி தெரிஞ்சா, அங்க வச்சிட்டு வந்துடலாம்." தோட்ட அலுவலகத்தில் ஒரு பெரிய கிளாக்கர் இருந்தார். அவளுடைய அக்காவின் அறை, லயத்தின் கடைசி அறை. கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தை அவள் கண்முன்னாலேயே கிழித்துக் கூடையில் போட்டார். அவள் கூடையிலிருந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, "சரிங்க ஐயா" என்று வந்துவிட்டாள்.

மறுநாள் சலூன்காரர் கிளாக்கரின் கன்னத்தில் சோப்பைப் பூசிவிட்டுக் கேட்டார்: "ஐயா, அந்தத் தகரக் கடிதாசிக்குப் பதில் போட்டாச்சுங்களா?" கோயிலில் திருநீற்றுத் தட்டை நீட்டிய பூசாரி கேட்டார். கண்டி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார். கலியாண வீட்டுப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்த ஆள், கரண்டியை அந்தரத்தில் நிறுத்திக் கேட்டார். யாருடைய குரலிலும் கேலி இல்லை. எல்லோருக்கும் உண்மையான அக்கறை. மூன்று வாரத்தில் புதுத் தகரம் வந்தது. தச்சரை மேற்பார்வை பார்க்கக் கிளாக்கரே வந்து நின்றார், பாவம். அவள் கீழே நின்று அண்ணாந்து, "இந்த மூலையில ரெண்டு ஆணி கூட அடிக்கச் சொல்லுங்க ஐயா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "இனியாவது அவரை மன்னிச்சிரு தங்கச்சி" என்றேன்.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினாள். மூடியின் உள்பக்கத்தில், கிழிந்த கடிதத்தின் துண்டுகளைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தாள். தினமும் மதியம் ரொட்டி சாப்பிடும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறாள்.

அன்றைக்கே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

மாரியம்மன் திருவிழா வந்தது. அந்தத் தோட்டத்தில் தேர் கிடையாது; கொழுந்து லொறிதான் தேர். வாழை மரம் கட்டி, தென்னங்குருத்துத் தோரணம் போட்டு, அம்மனை ஏற்றி, டிவிசன் டிவிசனாகக் கொண்டு போவார்கள். அதற்கு முந்திய நாள் அவள் வந்து நின்றாள்.

"அண்ணே, திருவிழா முடியிற வரைக்கும் பெட்டியைக் கழட்டி என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. அம்மன் மேல் டிவிசன் கோயில் வரைக்கும் போகும். அங்கிட்டு லொறி வருசத்துக்கு ஒரு தடவைதான் போறது. கம்பம் எல்லாம் தப்பான வழியைப் படிச்சிக்கும்."

சொன்னேன். இஞ்சினியருக்குச் சீப்பால் மீசையை வாருகிற பழக்கம், வாரிக்கொண்டே யோசித்தார். வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள். அம்மனும் அறிவியலும் ஒரே லொறியில். எப்பேர்ப்பட்ட படம்! "இருக்கட்டும்" என்றார். படம் எடுக்கப்பட்டது. தாமரை மாலைக்கும் சூலத்துக்கும் நடுவில் எங்கள் பெட்டி, பச்சை விளக்கு எரிய எரிய.

லொறி மேல் டிவிசன் கோயிலடிக் கம்பத்தைக் கடைசியாகக் கடந்தது. அம்மனை இறக்கிவிட்டு, மலைக்கு மறுபக்கத்துப் பாதையால், அலங்காரம் கழற்றவும் பிரேக் பார்க்கவும் போய்விட்டது. பெட்டியை இஞ்சினியர் எடுத்துக்கொண்டார், கண்டியில் விருந்தினர்களுக்குக் காட்ட. அத்தோடு திருவிழா லீவு. லீவோடு மழை. கொழுந்து இல்லை, லொறி இல்லை. கீழே பதினொரு கம்பங்களும், அம்மன் போன வழியில் லொறி திரும்ப வரும் என்று நம்பி, மண்ணின் ஒவ்வொரு அசைவையும் மேலே மேலே கைமாற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. கோயிலடிக் கம்பம் எல்லாவற்றையும் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் விருந்து. மேசை நடுவே, ஆந்தூரியம் பூக்களுக்குப் பக்கத்தில் பெட்டி. என் போன் அடித்தது. சிக்னல் கிடைக்கிற மதகடி வரை அவள் மழையில் இறங்கி வந்திருக்கிறாள்.

"அண்ணே, ஏழாம் கம்பத்து அடியில மண்ணு வெடிச்சிருக்கு. வெடிப்புக்குள்ள கை போகுது. பெட்டியை யாருகிட்டயாவது குடுத்து விடுங்க. நான் தோள்ல போட்டுக்கிட்டு மேல ஏறிடுறேன்."

"சனத்தை இறங்கச் சொல்லு தங்கச்சி."

"சொல்லாமலா? பெட்டி என்ன சொல்லுதுன்னு கேக்குறாங்க. பெட்டி சொன்னாத்தான் எறங்கணும், வதந்தியை நம்பக்கூடாதுன்னு நீங்கதானே அண்ணே மீட்டிங்ல சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். இஞ்சினியரின் வாக்கியம், என் தமிழ்.

போனைக் கையால் மூடிக்கொண்டு அவரிடம் சொன்னேன். அவர் விருந்தினர் ஒருவருக்குப் பப்பாளித் துண்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமல் ஒரே சொல் சொன்னார். நான் போனில் அதைத் தமிழாக்கினேன்.

"திங்கட்கிழமை."

"என்னண்ணே?"

"திங்கட்கிழமை தருவாராம்."

மறுமுனையில் மழைச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

ஞாயிறு பகலில் சரிவு இறங்கியது. மண் உறுமியபோது பெரும்பாலான சனம் ஓடித் தப்பிவிட்டது. கடைசி அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த அவளுடைய அக்கா தப்பவில்லை. புதுத் தகரம் மட்டும் மடங்காமல், கழுவின மாதிரி, சேற்றின்மேல் கிடந்தது.

திங்கட்கிழமை பெட்டி வந்தது, சொன்ன சொல் தவறாமல். அவள் வந்து வாங்கிக்கொண்டாள். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, மேல் டிவிசன் கோயில் வரை ஏறினாள். எல்லா அளவுகளும் அங்கே இருந்தன. புதன் காலையிலிருந்து மண் எப்படி எப்படிச் சாய்ந்தது என்று ஒவ்வொரு மணியும். கோயில் படியில் உட்கார்ந்து கொப்பியில் எழுதிக்கொண்டுதான் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அறிக்கை வந்தது. கள உதவியாளர் உரிய நேரத்தில் பெட்டியை எடுத்துச் சென்று அளவுகளைச் சேகரிக்கவில்லை. ஆகவே எச்சரிக்கை விடுக்க இயலவில்லை. இஞ்சினியர் சிங்களத்தில் எழுதினார்; நான் தமிழில் எழுதினேன். என் பேனாவின் மை சீராக இறங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும். கையெழுத்துக்காக அவளிடம் கொண்டுபோனவனும் நான்தான். வாசித்தாள்.

"நீங்கதானே போனை எடுத்தீங்க, சேர்?"

அண்ணன் போய்விட்டான். சேர் வந்துவிட்டது.

"நான் எழுதல தங்கச்சி. மொழிமாத்தினது மட்டுந்தான்."

"மாத்தின கையும் கைதானே." தாளைத் திருப்பித் தந்தாள். "என் பேரை இதுல போடாம கள உதவியாளர்னு போட்டிருக்கீங்க. நல்லது. இனிமே என் பேரை உங்க பேனா எழுதவே கூடாது."

இன்றுவரை எழுதவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. லயத்தில் ஒரு பேச்சு கிளம்பிற்று: "பெட்டி தூக்கச் சோம்பல்பட்டு அக்காவைக் காவு குடுத்துட்டா." தண்ணீர்ப் பைப்படியில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன என்று கேள்விப்பட்டேன். அந்தப் பேச்சைத்தான் அவள் திருப்பி அனுப்ப நினைத்தாள், அது கிளம்பிய இடத்துக்கே.

அப்புறம்தான் துண்டுகள்.

புதன் மாலை, ஏழாம் கம்பம்: கட்டுகஸ்தோட்டைத் தேத்தண்ணிக் கடையில், வடைத் தட்டுக்கு அடியில். வியாழன் காலை: பஸ்ஸில், கண்டக்டர் டிக்கெட்டோடு சேர்த்து. நான் பின்னோக்கித் தேடிப் போனேன். நானாவுக்குப் பாண்காரன், பாண்காரனுக்குக் கண்டக்டர், கண்டக்டருக்குத் தெல்தோட்டைச் சந்தியில் மரக்கறி விற்கிற அம்மா. ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆளை மட்டும்தான் தெரிந்தது. "இவரை யாரு அடுத்துப் பாப்பாங்களோ அவங்ககிட்ட குடுத்துடுங்கன்னு சொன்னாங்க" என்றார் அந்த அம்மா. "யாரு சொன்னது?" என்றால், "இன்னொருத்தங்க." மொத்த மலைநாடும் கம்பம் நட்டு நின்றது. நடுவில் லொறி மாதிரி நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

வழியை மாற்றினேன். பிலிமத்தலாவையில் மச்சான் வீட்டில் போய்த் தங்கினேன். வேறு ரோடு, வேறு பஸ், வேறு கடை. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் சலூனில் கதிரையைச் சாய்த்து, கத்தியை என் தொண்டையில் வைத்த பிறகு, அந்த ஆள் மெதுவாகச் சொன்னார்: "சேர், ஆடாம இருங்க. ஒங்களுக்கு ஒரு துண்டு இருக்கு."

வெள்ளி மத்தியானம். ஏழாம் கம்பம். சாய்வு நாலு பாகை.

சனிக்கிழமைக்கு இரண்டு. ஞாயிறு காலைக்கு ஒன்று. கடைசித் துண்டு மறுபடி நானாவின் கடையில். இப்போது அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நீட்டினார். அதில் கம்பமும் இல்லை, பாகையும் இல்லை.

திங்கட்கிழமை.

என் சொல்லை எனக்கே திருப்பி அனுப்பியிருந்தாள், அட்டை வாலோடு.

மண்சரிவைப் பற்றிய அரசாங்க விசாரணை கண்டிக் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், நடந்தது. லயத்துச் சனம் இருபது பேர் நீள வாங்குப் பலகைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. தலைமை வகித்த அம்மையார், "சிங்களத்தில் பேசலாமா?" என்று அவளைக் கேட்டார். அவள் தெரியாதவள் போல விழித்து, "தமிழ்தாங்க வரும்" என்றாள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார் அம்மையார். இஞ்சினியர் தாமே எழுந்து என்னைக் காட்டினார். "நம்முடைய ஆள், நம்பகமானவர்" என்றார். மீசையை வாரிக்கொண்டார்.

நான் எழுந்து முன்னே போனபோதுதான் விளங்கியது. இத்தனை மாதமாக அவள் என்னைத் தேடி வரவில்லை. இந்த இடத்துக்கு நான் வந்தே தீருவேன் என்று தெரிந்து, இங்கே வந்து முதலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

மொழிபெயர்ப்பவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாட்சி 'நான்' என்றால் அவனும் 'நான்' என்றே சொல்லவேண்டும். அவள் பேசினாள், நான் பேசினேன். அவள் கொப்பியைத் திறந்து புதன் காலையிலிருந்து வாசித்தாள்; ஒவ்வொரு அளவும் என் வாயில் சிங்களமாகியது. எனக்கு எல்லாம் மனப்பாடம். அவள் மூச்சு வாங்கிய இடத்தில்கூட நான் நிற்கவில்லை. இஞ்சினியரின் சீப்பு பாதி மீசையில் நின்றுவிட்டது. அதைப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு! நாக்கில் இனித்தது. இன்னும் உரக்கச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் மதகடியில நின்னு நான் போன் பண்ணினேன். பெட்டியைக் கேட்டேன்."

சொன்னேன்.

"போனை எடுத்தவரு இவரு."

அவளுடைய விரல் என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. என் வாய் திறந்தபடி நின்றது. பின்வரிசை வாங்குகளில் யாரோ இருமினார்கள். அம்மையார் நிமிர்ந்து, "என்ன சொல்கிறார்?" என்றார். அவள் காத்திருந்தாள், கொப்பியை மடியில் வைத்து, கொழுந்து லொறிக்குக் காத்திருக்கிற மாதிரி.

என் விரலை நானே என் நெஞ்சில் வைத்து, "போனை எடுத்தவர் இவர்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"நீங்களா? அவருக்கு என்ன பதில் சொன்னீர்கள்?"

இஞ்சினியர் எழுந்தார். அம்மையார் கையைக் காட்டி உட்கார வைத்தார். சிங்களத்தில் அதற்கு ஒரே ஒரு சொல்தான். சொன்னேன். யார் சொல்லச் சொன்னார் என்பதையும், பெட்டி எந்த மேசையில் எந்தப் பூவுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதையும் சொன்னேன். பிறகு, யாரும் கேட்காமலே, வாங்குகளின் பக்கம் திரும்பி அவ்வளவையும் தமிழில் சொன்னேன். முதல் வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்தாள். கொப்பியோடு இருந்தவள் தள்ளி இடம் விடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அறிக்கை திருத்தப்பட்டது. இஞ்சினியர் இப்போது எந்தத் திட்டத்திலும் இல்லை. நானும் இல்லை.

அன்றைக்குக் கச்சேரிப் படிக்கட்டில் அவள் பின்னாலேயே இறங்கினேன். மழை தொடங்கியிருந்தது. அவள் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, இனியாவது..."

நின்றாள். முகம் திருப்பவில்லை.

"கொப்பில இன்னும் தாள் மிச்சம் இருக்கு, சேர்."

அதற்குப் பிறகு ஒரு துண்டும் வரவில்லை. ஆனால் நான் வழி மாற்றுவதில்லை. அதே மடவளை ரோடு, அதே பஸ், இடப்பக்கம் மூன்றாவது இருக்கை. கண்டக்டர் டிக்கெட் தரும்போது அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.